தொடர் மெயில்களின் அறிக்கையை நாள்தோறும் எடுத்தபோது: மெயில்சிம்ப் ஏபிஐ, 4 ஆண்டு அனுபவம்

இணையத்தில் கணக்கியல் வகுப்பு நடத்தும் சிறு நிறுவனம் எங்களுடையது. மெயில் வேலை முழுக்க என் பொறுப்பு. இலவச வகுப்புக்கு ஒருவர் பதிவு செய்ததும் அவருக்கு ஏழு மெயில்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தானாகப் போகும். முதலில் வரவேற்பு, மூன்றாவதில் பயிற்சிக் கோப்புக்கான லிங்க், கடைசியில் கட்டண வகுப்புக்கு அழைப்பு. பாடத்துக்கு ஒன்று என்று 12 தொடர்கள் ஓடின. 2020 இறுதியிலிருந்து 2024 வரை இவற்றின் அறிக்கையை நாங்கள் மெயில் அனுப்பும் மெயில்சிம்ப் சேவையின் ஏபிஐ (நம் நிரல் நேரடியாகத் தரவு கேட்டுப் பெறும் வழி) மூலம் எடுத்துவந்தேன்.

அதற்கு முன்பு டேஷ்போர்டை, அதாவது மெயில்சிம்ப் எண்களைக் காட்டும் திரையைத் திறந்து பார்ப்பதோடு சரி. ஒருநாள் ஒரு மாணவி எழுதினார்: "மேடம், மூணாவது மெயில்ல இருக்கிற லிங்க் திறக்கவே மாட்டேங்குது. பத்து நாளா பார்க்கிறேன்." அந்த மெயிலைத் திருத்தியபோது லிங்கிலிருந்த முகவரி அழிந்துபோயிருந்தது. நாங்கள் கவனிக்கவில்லை. பத்து நாளில் ஏறத்தாழ 400 பேருக்கு அந்தச் செத்த லிங்க் போயிருந்தது. டேஷ்போர்டில் ஏன் எனக்குத் தெரியவில்லை என்று திரும்பப் பார்த்தேன். லிங்க் சாவதற்கு முன்புவரை அந்த மெயில் 38,000 பேருக்குப் போய், 4,560 பேர் கிளிக் செய்திருந்தார்கள். 12 சதவீதம். ஒருவர்கூட கிளிக் செய்யாத 400 பேரை அதோடு சேர்த்தால் 11.9. இந்த வித்தியாசம் யார் கண்ணில் படும்?

செய்திமடலுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அது ஒரே நாளில் போய்விடும், நாலைந்து நாளில் திறப்பவர்கள் திறந்துவிடுவார்கள், கணக்கும் அதோடு முடியும். தொடர் மெயில் முடிவதே இல்லை. இன்று 40 பேர், நாளை 50 பேர் என்று போய்க்கொண்டே இருக்கும். அறிக்கையில் வருவது தொடங்கிய நாள் முதல் சேர்ந்த மொத்தம். ஏபிஐயில் கேட்டாலும் அதே மொத்தம்தான். மணிவாரிக் கணக்கு என்று ஒன்று கிடைக்கும், ஆனால் அது அனுப்பிய முதல் 24 மணி நேரத்துக்கு மட்டும்.

ஆகவே செய்யவேண்டியது ஒன்றுதான்: தினமும் மொத்தத்தை எடுத்து எழுதிவைத்து, நேற்றையதைக் கழிப்பது. பைதானில் சின்ன ஸ்கிரிப்ட் எழுதி, கிரானில் (குறித்த நேரத்தில் நிரலைத் தானாக ஓட்டும் கருவி) காலை 6 மணிக்கு ஓடவிட்டேன். முதலில் தொடர்களின் பட்டியல், பிறகு ஒவ்வொரு தொடரின் மெயில்கள், பிறகு ஒவ்வொரு மெயிலின் அறிக்கை. அனுப்பியது, கிளிக், பவுன்ஸ் (போய்ச் சேராமல் திரும்பியவை), விலகியவர்கள் எல்லாம் கூகுள் ஷீட்டில் வரிசையாக விழும். பக்கத்திலேயே கழித்த எண். இரண்டு நாள் தொடர்ந்து கிளிக் பூஜ்யமானால் அந்தக் கட்டம் சிவப்பாகும். அடுத்த வருடம் இன்னொரு லிங்க் செத்தபோது மூன்றாம் நாள் காலையிலேயே பிடித்துவிட்டோம். இந்த ஸ்கிரிப்டுக்குச் செலவிட்ட நேரம் எனக்கு அன்றே திரும்பி வந்துவிட்டது.

ஏபிஐயைப் பற்றிச் சொன்னால், நுழைவது எளிது. மெயில்சிம்ப் தரும் ஏபிஐ சாவியின் (கடவுச்சொல் போன்ற நீண்ட எழுத்துத்தொடர்) கடைசியில் us6 என்பதுபோல் ஒரு ஒட்டு இருக்கும். உங்கள் கணக்கு இருக்கும் டேட்டா சென்டர் அது. ஏபிஐயைக் கூப்பிடும் முகவரியின் தொடக்கத்தில் அதைப் போட வேண்டும். அந்தச் சாவி கணக்கு முழுவதற்கும் திறப்பு. அறிக்கை படிக்க மட்டும் என்று தனிச் சாவி கிடையாது, அதனால் ஸ்கிரிப்டுக்குள்ளேயே எழுதிவைக்காதீர்கள். ஒரே நேரத்தில் 10 இணைப்புகளுக்கு மேல் திறந்தால் 429 என்ற பிழை எண்ணைத் திருப்பி அனுப்பும். நாங்கள் ஒன்று முடிந்து ஒன்று என்று கேட்டதால் அந்தத் தொல்லை வரவில்லை.

நான் தடுக்கி விழுந்தது வேறு இடத்தில். பட்டியல் கேட்டால், எத்தனை வேண்டும் என்று நாம் சொல்லாதவரை 10 தான் வரும். எங்களுக்கு 12. கடைசி இரண்டு தொடர்கள் மூன்று வாரம் ஷீட்டில் இல்லவே இல்லை. மொத்தம் 12 என்று பதிலின் அடியிலேயே எழுதியிருந்தது, நான்தான் படிக்கவில்லை. இன்னொரு முறை கிளிக் எண்ணிக்கை மைனஸ் 600 சொச்சம் என்று வந்தது. உடன் வேலை செய்பவர் நான்காவது மெயிலை நீக்கிவிட்டுப் புதிதாக ஒன்றை அதே இடத்தில் வைத்திருந்தார். புது மெயிலுக்குப் புது ஐடி, கணக்கும் பூஜ்யத்திலிருந்து. நானோ "நான்காவது மெயில்" என்று இடத்தை வைத்துக் கழித்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து ஐடியை வைத்து மட்டும்தான்.

நேரம் எல்லாமே யூடிசியில் (உலகப் பொது நேரம்) வரும். அங்கே நாள் மாறும்போது நமக்குக் காலை 5.30. செவ்வாய் விடியற்காலை 3 மணிக்குப் போன மெயில் திங்கள் இரவு 9.30 என்று பதிவாகியிருக்கும். கட்டணப் பதிவுகளோடு ஒப்பிடுபவர்கள் முதலில் இதைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

ஓப்பன் ரேட்டை, அதாவது மெயிலைத் திறந்தவர்களின் சதவீதத்தை, 2021 செப்டம்பரோடு நம்புவதை விட்டேன். ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 15 வந்த மாதம் அது. மெயில் திறக்கப்பட்டதா என்பதை உள்ளே வைத்த கண்ணுக்குத் தெரியாத ஒரு படத்தை வைத்துத்தான் எண்ணுகிறார்கள். ஆப்பிளின் தனியுரிமை வசதியை இயக்கியவர்களுக்கு, அவர் மெயிலைத் தொடாவிட்டாலும் அந்தப் படத்தை ஆப்பிளின் சர்வரே முன்கூட்டி இறக்கிவிடுகிறது. எண் ஏறும், படித்தவர் ஏறமாட்டார். கிளிக்கும் கட்டணப் பதிவும்தான் எங்களுக்குப் பேச்சு.

புகார் எண்ணிக்கையிலும் ஏமாறக்கூடாது. அறிக்கையில் ஸ்பேம் புகார் பூஜ்யம் என்று இருந்தால் மனம் குளிரும். ஆனால் ஜிமெயில் தன் பயனர் ஒவ்வொருவரின் புகாரையும் அனுப்பும் சேவைக்குத் தெரிவிப்பதில்லை. எங்கள் பட்டியலில் பெரும்பகுதி ஜிமெயில்தான். 2024 பிப்ரவரியில் கூகுள் புது விதிகளைக் கொண்டுவந்து, புகார் 0.3 சதவீதத்தை எட்டக்கூடாது என்றபோது, ஜிமெயிலில் வரும் புகார் விகிதத்தை அனுப்புபவருக்குக் காட்டும் கூகுள் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸில் தனியாகப் பதிந்து அந்த எண்ணையும் ஷீட்டில் ஒரு பத்தியாகச் சேர்த்தேன்.

இப்போது தொடங்குபவர்களுக்கு ஒன்று: நான் சொன்ன வழி மெயில்சிம்ப்பின் பழைய வகை ஆட்டோமேஷன்களுக்கானது (தானாகப் போகும் தொடர்களை அமைக்கும் முறை), 2025இல் அது நிறுத்தப்பட்டது. கஸ்டமர் ஜர்னி என்று பின்னால் வந்த முறைக்கு நான் ஏபிஐயில் பார்த்தது, ஒருவரைப் பயணத்தின் ஒரு படிக்குள் சேர்க்கும் அழைப்பு மட்டுமே. நாங்கள் அதற்கு மாறிய பிறகு திங்கட்கிழமைதோறும் திரையைப் பார்த்து மொத்தத்தைக் கையால் எழுதுகிறோம். கழிக்கிற பத்தி மட்டும் அப்படியே இருக்கிறது.