ஆக்டோபாத் டிராவலர்: ஒன்றா, இரண்டா?

ஆக்டோபாத் டிராவலர் வீடியோ கேமின் முதல் பாகத்துக்கு, விமர்சகர்களின் மதிப்பெண்களைத் தொகுக்கும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் 83. இரண்டாம் பாகம் எண்பதுகளின் நடுவில் எங்கோ நிற்கிறது. எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், தள்ளுபடியில் எது மலிவோ அதை வாங்கிவிடலாம் என்று தோன்றும். இரண்டையும் கடைசி பாஸ் (பெரிய எதிரி) வரை ஆடி முடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒன்றே ஒன்றுதான் வாங்குவேன் என்பவர்கள் இரண்டாவதை வாங்குங்கள். காரணம் அந்த மதிப்பெண்ணில் தெரியாது. விமர்சகர்கள் முதல் பாகத்தில் எதைக் குறை சொன்னார்கள், இரண்டாவது வந்தபோது அந்தக் குறை என்ன ஆனது என்று பார்த்தால்தான் தெரியும்.

புதியவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. ஸ்கொயர் எனிக்ஸும் அக்வையர் நிறுவனமும் சேர்ந்து செய்த ஜப்பானிய ரோல்-பிளேயிங் கேம் (கதாபாத்திரமாக மாறிக் கதைக்குள் ஆடும் வகை) இது. முதல் பாகம் 2018 ஜூலை 13 அன்று நின்டெண்டோ ஸ்விட்சில் வந்தது, அடுத்த ஆண்டு பிசிக்கு. இரண்டாம் பாகம் 2023 பிப்ரவரி 24 அன்று ஸ்விட்ச், பிஎஸ்4, பிஎஸ்5, பிசி எல்லாவற்றிலும் ஒரே நாளில் வந்தது. தொண்ணூறுகளில் நின்டெண்டோவின் சூப்பர் பேமிகாம் கருவிக்கு வந்த கேம்களில் பார்த்த குட்டிக் குட்டி பிக்சல் மனிதர்கள், ஆனால் அவர்கள் நடப்பது முப்பரிமாண ஊர்களில். வெளிச்சமும் நிழலும் நீர் மினுக்கமும் இன்றைய தொழில்நுட்பம். எச்டி-2டி என்று இதற்குப் பெயர் வைத்தார்கள். எட்டு நாயகர்கள், எட்டுக் கதைகள், யாரை வேண்டுமானாலும் முதலில் தேர்ந்தெடுத்துத் தொடங்கலாம்.

படத்தையும் இசையையும் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு பாகத்திலும் அவற்றைக் குறை சொன்ன விமர்சனத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். யசுனோரி நிஷிகியின் இசை இரண்டிலும் முதல் தரம். ஒவ்வொரு நாயகருக்கும் ஒரு மெட்டு இருக்கும். பாஸ் சண்டைக்கு முந்தைய வசனத்தின்போது அந்த மெட்டு மெல்லத் தொடங்கி, அப்படியே வேகமெடுத்துச் சண்டைப் பாட்டுக்குள் போய் விழும். அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் எனக்குப் புல்லரிக்கும்.

சண்டை முறையும் ஒன்றுதான். எதிரியின் கீழே ஒரு கேடயமும் அதில் ஓர் எண்ணும் தெரியும். அவனுக்கு ஆகாத ஆயுதம் அல்லது மந்திரம் எது என்று கண்டுபிடித்து அடித்தால் அந்த எண் குறையும். பூஜ்யத்துக்கு வந்ததும் அவன் நிலைகுலைந்து ஒரு சுற்று சும்மா நிற்பான். இதற்கிடையில் நம்மவர்களுக்குச் சுற்றுக்கு ஒரு பூஸ்ட் புள்ளி சேரும், ஐந்து வரை சேர்த்து வைக்கலாம். எதிரி குலைந்து நிற்கும் அந்த ஒரு சுற்றில், சேர்த்ததைக் கொட்டி அடிப்பதுதான் இந்த கேமின் ருசி. ஆளுக்கொரு முறையாக மாறி மாறி அடிக்கும் டர்ன்-பேஸ்டு சண்டை என்றாலே சலிப்பு என்று நினைத்த பலரை 2018இல் திரும்பிப் பார்க்க வைத்தது இதுதான். இரண்டாம் பாகம் இதைக் கலைக்காமல், ஆளுக்கு ஒரு தனித்திறன் மட்டும் கூட்டியிருக்கிறது. சண்டையின் வேகத்தை இரு மடங்காக்கும் வசதியும் உண்டு. முதல் பாகத்தில் வழியெல்லாம் குறுக்கிடும் சில்லறைச் சண்டைகளைப் பொறுத்துக்கொண்டவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம்.

முதல் பாகம் வந்தபோது விமர்சனத்துக்கு விமர்சனம் திரும்பத் திரும்ப வந்த குறை ஒன்றுதான்: எட்டுக் கதைகளும் ஒன்றையொன்று தொடவே இல்லை. ஒரே பேருந்தில் ஏறி, ஆளுக்கொரு ஊரில் இறங்கப்போகிறவர்கள் போலத்தான் அந்த எட்டுப் பேரும். நான்கு பேர் சேர்ந்து சண்டை போடுவார்கள். ஆனால் கதைக்காட்சி வந்ததும் மற்ற மூவரும் காற்றில் கரைந்துவிடுவார்கள்.

பிரிம்ரோஸின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பிரபு குலத்துப் பெண், அப்பாவைக் கொன்றவர்களைத் தேடிப் பாலைவன ஊர் ஒன்றின் மதுக்கடையில் நடனக்காரியாக மறைந்து வாழ்கிறாள். கூட ஆடும் தோழி ஒருத்தி அவளுக்காக உயிரைக் கொடுக்கிறாள், கடைக்காரனோடு மோதல் வெடிக்கிறது. எழுத்து நன்றாக இருக்கிறது, குரல் நடிப்பும் பிரமாதம். ஆனால் நான் அவளை நான்காவது ஆளாகக் கூட்டிச் சேர்த்திருந்தேன். காட்சி முழுக்க அவள் தனி ஆள். சண்டை தொடங்கிய கணத்தில் என்னுடைய ஓல்பெரிக், சைரஸ், டிரெஸா மூவரும் எங்கிருந்தோ முளைத்து அவள் பக்கத்தில் நிற்கிறார்கள். சண்டை முடிந்ததும் மறுபடி அவள் மட்டும். யாரும் அவளிடம் ஒரு வார்த்தை ஆறுதலாகக் கேட்கவில்லை. நடுநடுவே ஒரு பட்டனை அழுத்தினால் இரண்டு பேர் பேசிக்கொள்ளும் குட்டி உரையாடல்கள் வரும்தான். நன்றாகவும் இருக்கும். ஆனால் அவை கதைக்கு வெளியே நிற்பவை, பார்க்காமல் போனாலும் எதுவும் குறையாது.

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ஆளுக்கு நான்கு அத்தியாயம், மொத்தம் 32. அதில் பெரும்பாலானவை ஒரே அச்சு: ஊருக்குள் நுழை, காட்சியைப் பார், யாரிடமாவது திருடு அல்லது விசாரி, குகைக்குள் போ, கடைசியில் பாஸ். முதல் எட்டு அத்தியாயங்களில் இது உறுத்தாது, ஒவ்வொன்றிலும் ஆளும் புதிது, ஊரும் புதிது. இரண்டாம் அத்தியாயங்களின் நடுவில்தான் அச்சு கண்ணில் படத் தொடங்கும். அதே நேரத்தில் லெவல் சிக்கலும் வரும். வெளியே நிற்கும் நான்கு பேருக்கு அனுபவப் புள்ளி கிடையாது. அடுத்த அத்தியாயங்கள் இருபதுகளில் லெவல் கேட்கும், நான்காவது 45 கேட்கும். எட்டுப் பேரையும் அங்கே இழுத்துக்கொண்டு போக கிரைண்ட் செய்தாக வேண்டும், அதாவது லெவல் ஏறும்வரை சில்லறைச் சண்டைகளைத் திரும்பத் திரும்பப் போட வேண்டும். கதை இழுத்துப் பிடித்தால் கிரைண்ட் பாரமாகத் தெரியாது. அடுத்த அத்தியாயமும் அதே அச்சில்தான் இருக்கும் என்று தெரிந்த பிறகு, ஒரே காட்டில் சுற்றிச் சுற்றி லெவல் ஏற்றுவது பெரும் பாரம். பாதியில் நிறுத்தியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அவர்களில் பலர் நிறுத்தியது இந்த இடத்தில்தான்.

விசித்திரம் என்னவென்றால், எட்டுக் கதைகளையும் கட்டும் கயிறு முதல் பாகத்திலேயே இருக்கிறது. (முடிவு தெரியக் கூடாது என்பவர்கள் அடுத்த பத்திக்குத் தாவிவிடுங்கள்.) டிரெஸா கையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றும் நாட்குறிப்பை எழுதியவரும், எட்டு நாயகர்களில் ஒருவனான ஆல்பினைச் சிறு வயதில் காப்பாற்றிய மருத்துவரும் ஒரே ஆள்தான், கிரஹாம் கிராஸ்போர்ட். அவருக்கு நடந்ததில்தான் மொத்தக் கதையின் முடிச்சும் இருக்கிறது. இதை எங்கே சொல்கிறார்கள் தெரியுமா? எட்டுக் கதையும் முடித்து, வழியில் கிடக்கும் குறிப்பிட்ட சில துணைப் பணிகளையும் முடித்தால் திறக்கும் ஒரு வாசலுக்கு அப்பால். அங்கே எட்டு பாஸ்களை வரிசையாக வீழ்த்த வேண்டும், நடுவில் சேவ் கிடையாது. ஒவ்வொருவரை வீழ்த்தியதும் ஒரு பக்கம் எழுத்து. கடைசியில் இறுதி பாஸ் கால்டெரா. அவனிடம் தோற்றால் அந்த எட்டுப் பேரிடமிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

இதில் இன்னொரு கூத்து, நாம் முதலில் தேர்ந்தெடுத்த நாயகரின் கதை முடிந்ததுமே படம் முடிந்ததுபோல் பெயர்ப் பட்டியல் ஓடிவிடும். அதோடு கேம் முடிந்தது என்று வைத்துவிடுகிறவர் எட்டும் தனித்தனிக் கதை என்றுதான் சொல்வார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஆகவே விமர்சகர்கள் சொன்னது தப்பு என்று வாதாடும் ரசிகர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இணைப்பு இருக்கிறது. ஆனால் ஆடுகிறவர் கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது.

இரண்டாம் பாகம் கை வைத்தது சரியாக இந்த இடத்தில். இரண்டிரண்டு பேராகச் சேர்த்து நான்கு ஜோடிக் கதைகள்: ஓஷெட்டும் காஸ்டியும், துரோனேயும் டெமனோஸும், ஆஸ்வால்டும் பார்டிஷியோவும், அக்னியாவும் ஹிகாரியும். இவை பெரிய கதைகள் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொன்றும் இரண்டே பகுதி, சீக்கிரம் முடிந்துவிடும், சிலது மெலிவாகவும் இருக்கும். முக்கியக் காட்சிகளில் மற்றவர்கள் காணாமல் போகும் பழைய வழக்கமும் முழுதாக ஒழியவில்லை. ஆனால் எட்டுக் கதையும் முடிந்த பிறகு எல்லாரும் ஒன்றாக உட்காரும் இறுதி அத்தியாயம் ஒன்று இருக்கிறது. ஒளிந்து கிடக்கும் வாசல் எதையும் தேட வேண்டாம், கதையே அங்கே கொண்டுபோய் விடும். தனித்தனிக் கதைகளில் வில்லன்கள் போகிற போக்கில் உதிர்த்த பெயர்களும் பொருள்களும் அங்கே வந்து பொருந்தும்போது, ஆக இவ்வளவு நேரம் ஆடியது ஒரே கதையைத்தானா என்று தோன்றும். முதல் பாகத்தில் அந்த உணர்வு எனக்குக் கிடைத்தது, ஆனால் வேர்த்து விறுவிறுத்துச் சம்பாதித்தது.

அச்சையும் உடைத்திருக்கிறார்கள். ஆஸ்வால்டின் கதை பனித் தீவுச் சிறையில் தொடங்குகிறது. மனைவியையும் மகளையும் கொன்றதாகப் பொய்க் குற்றம் சுமத்தப்பட்ட அறிஞர். அங்கே நாம் செய்வது கைதிகளையும் காவலர்களையும் நோட்டமிட்டுத் தப்பிக்கும் வழிக்குத் துப்புச் சேர்ப்பது. துரோனேயின் கழுத்தில் பூட்டிய பட்டையைத் திறக்க இரண்டு சாவி வேண்டும், ஒன்று ‘அம்மா’விடம், மற்றது ‘அப்பா’விடம். யாரை முதலில் தேடிப் போவது என்பது நம் விருப்பம். பார்டிஷியோ என்ற வணிகனின் லட்சியம் உலகத்தில் வறுமையை ஒழிப்பது. கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆடிப் பார்த்தால் எட்டில் மிகக் குதூகலமான கதை அதுதான்.

அப்புறம் இரவும் பகலும். ஒரு பட்டனைத் தட்டினால் பொழுது மாறும். தெருவில் விளக்குகள் எரியத் தொடங்கும், ஊரின் இசையும் இரவுக்குத் தகுந்தாற்போல் மாறும், பகலில் நின்றவர்கள் சிலர் வீட்டுக்குப் போய் வேறு சிலர் வெளியே வருவார்கள். ஒரு வீட்டு வாசலை மறித்துக்கொண்டு ஒருவன் நிற்கிறான் என்று வையுங்கள். பகலில் ஹிகாரியை விட்டு அவனோடு மோதலாம். இரவானால் காஸ்டி தன் மூலிகையால் அவனைத் தூங்க வைத்துவிடுவாள், துரோனே பின்னால் போய் ஒரே அடியில் சாய்த்துவிடுவாள். முதல் பாகத்தில் ஆளுக்கு ஒரு வித்தை, இதில் ஆளுக்கு இரண்டு. ஊருக்குள் நுழைந்தாலே யாரிடம் என்ன கறக்கலாம் என்று கை பரபரக்கும்.

முதல் பாகத்தின் பக்கம் சொல்ல ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. ஆல்பினின் மூன்றாம் அத்தியாயத்துக்கு நிகராக ஒரு காட்சி இரண்டாம் பாகத்தில் எனக்கு அகப்படவில்லை. யார் வந்தாலும் மருந்து கொடுப்பேன் என்று வாழும் அந்தப் பையன், இன்னொரு மருத்துவர் கைவிட்ட காயம்பட்ட ஒருவனைக் குணமாக்குகிறான். குணமானவன் மறுபடி கத்தியைத் தூக்குகிறான். அங்கே ஆல்பினோடு சேர்ந்து நாமும் ஆடிப்போவோம். கால்டெரா சண்டையும் அப்படித்தான், எட்டுப் பேரையும் நான்கு நான்காகப் பிரித்து நிறுத்த வேண்டிய அந்தச் சோதனை இரண்டாம் பாகத்தின் இறுதிச் சண்டையைவிடப் பல மடங்கு கடினம். கடினத்தைத் தேடிப் போகிறவர்களுக்கு முதல் பாகமே சரி. இரண்டாவதில் கொஞ்சம் சூட்சுமம் பிடிபட்டுவிட்டால் பாஸ்கள் பாதியிலேயே சுருண்டு விழுகிறார்கள்.

நான் இரண்டையும் ஆடியது ஸ்விட்சில். பிஎஸ்5இலும் பிசியிலும் படம் இன்னும் துல்லியமாக இருக்கும் என்பது எதிர்பார்க்கக் கூடியதே, ஆனால் இந்தத் தேர்வை அது மாற்றும் என்று தோன்றவில்லை. பழைய ஜப்பானிய ரோல்-பிளேயிங் கேம் எதையும் தொட்டிராதவர்களுக்கு இரண்டுமே மெதுவாகத் தெரியலாம். அவர்களுக்கு லைவ் எ லைவ் நல்ல நுழைவாயில். 1994இல் ஜப்பானில் மட்டும் வந்த கேமை 2022இல் இதே எச்டி-2டி பாணியில் புதுப்பித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், தனித்தனிக் கதைகளைக் கடைசியில் ஒரே இடத்தில் கொண்டுவந்து முடிச்சுப் போடும் வித்தையை ஸ்கொயர் (பிற்பாடு ஸ்கொயர் எனிக்ஸ் ஆன நிறுவனம்) அன்றைக்கே செய்துவிட்டது. கதைகள் குட்டி, கிரைண்டும் குறைவு.

இரண்டாம் பாகத்தை வாங்கிவிட்டு யாரிடம் தொடங்குவது என்று குழம்பினால் என் ஓட்டு பார்டிஷியோவுக்கு. முதலில் தேர்ந்தெடுத்தவரை அவர் கதை முடியும்வரை கூட்டத்திலிருந்து இறக்க முடியாது, ஆகவே எப்போதும் உதவுகிறவராக இருப்பது நல்லது. அவன் தன் பூஸ்ட் புள்ளியை மற்றவர்களுக்குக் கொடுப்பான், பகலில் ஊர்க்காரர்களிடம் நல்ல பொருளாகப் பார்த்துப் பேரம் பேசி வாங்குவான், இரவில் அவர்களையே கூலிக்கு அமர்த்திச் சண்டைக்கும் கூட்டி வருவான்.