தடயமெல்லாம் எரிந்துபோன ஒரு வழக்கு: துப்பறியும் பெட்டி விளையாட்டு

அக்காவும் நானும் இரண்டு மாலைகள், மொத்தம் ஐந்து மணி நேரம், உறை உறையாகத் தடயங்கள் வரும் ஒரு துப்பறியும் பெட்டி விளையாட்டின் காகிதங்களைத் தரை முழுக்கப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கதை இதுதான். 1996 குளிர்காலம், இங்கிலாந்து. கேரவன்களில், அதாவது சக்கர வீடுகளில், வாழும் ஒரு ரோமானி (ஜிப்சி என்று பலர் சொல்லும் இனம்) குடும்பத்தில் அடுத்தடுத்து மூன்று சாவு. மூன்றையும் விபத்து என்று போலீஸ் மூடிவிட்டது. இறந்த பெரியவரின் மகள் தனியார் துப்பறிவாளர் ஒருவரை அமர்த்துகிறாள். அந்தத் துப்பறிவாளர் நாம்தான். பெட்டியின் பெயரைப் போடாமல் எழுதுகிறேன், குறைகளும் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் உறையில் ஒரு புகைப்படம். எரிந்துபோன கேரவன்: அச்சும் இரண்டு சக்கரமும் மட்டும் மிச்சம், பக்கத்தில் உருகிய கெண்டி. "தடயத்தை அழிச்சிட்டாங்க" என்று அக்கா உடனே குறிப்பேட்டில் எழுதினாள். நானும் தலையாட்டினேன். இரண்டு பேரும் தவறு. ரோமானிச்சல் என்று அழைக்கப்படும் இங்கிலாந்தின் ரோமானி மக்களிடம் இறந்தவரின் வண்டியையும் துணிமணிகளையும் எரித்துவிடும் பழைய வழக்கம் உண்டு. பீங்கானை உடைப்பார்கள், இறந்தவரின் பெயரை வாயால் சொல்லவும் தயங்குவார்கள். சாட்சியம் சொன்ன மைத்துனர் கடைசிவரை "அவர், அவர்" என்றே பேசியதை நாங்கள் மறைப்பு என்று நினைத்தோம். அது துக்கம். இதைப் புரிந்துகொண்ட பிறகு எல்லாச் சாட்சியங்களையும் முதலிலிருந்து படிக்க வேண்டியதாயிற்று. இந்தப் பெட்டிக்கு நான் கொடுத்த காசு அந்த ஒரு மணி நேரத்திலேயே சரியாகிவிட்டது.

இன்னொரு அருமையான இடம், பேசின்கள். முகம் கழுவ ஒன்று, பாத்திரம் கழுவ ஒன்று, இரண்டும் ஒருபோதும் கலக்கக் கூடாது. கலந்தால் அது "மொக்காடி", தீட்டு. அந்த வீட்டுப் பெண் எவ்வளவு அவசரத்திலும் பாத்திர பேசினில் கை கழுவ மாட்டாள். அப்படியானால் அதில் சோப்பு நுரையோடு கை கழுவியது யார்? இதற்கு மேல் சொல்லமாட்டேன்.

குடும்பம் ஏன் வாயைத் திறப்பதில்லை என்பதற்கும் காரணம் வைத்திருக்கிறார்கள். கேரவன்களுக்கு இடம் ஒதுக்கும் கடமையை 1968ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளாட்சிகளுக்குத் தந்தது. 1994இல் அது நீக்கப்பட்டது. அதனால் கோப்போடு வாசலில் நிற்கும் எந்த வெளியாளும், அவர்கள் சொல்லில் "கோர்ஜோ", இடத்தைக் காலி செய்யச் சொல்ல வந்தவனாகத்தான் தெரிவான். போலீஸை நம்பாததும் வெறும் கதைக்காக அல்ல. ஹங்கேரியில் டாட்டார்சென்ட்ஜார்ஜ் என்ற ஊரில் 2009 பிப்ரவரியில் ஒரு ரோமா (ரோமானி) வீட்டுக்குத் தீ வைத்து, தப்பி ஓடிய தந்தையையும் சின்ன மகனையும் சுட்டுக் கொன்றார்கள். முதலில் மின்கோளாறு என்றுதான் போலீஸ் சொன்னது. அந்த 2008–09 தொடர் தாக்குதல்களில் ஆறு ரோமா மக்கள் உயிரிழந்தார்கள். 2013இல்தான் தீர்ப்பு வந்தது. பெட்டியிலிருந்த "விபத்து" முத்திரையைப் பார்த்ததும் எனக்கு அந்தச் சிறுவன்தான் நினைவுக்கு வந்தான்.

இப்போது குறைகள். இவ்வளவு அக்கறையாக உள்ளே எழுதிவிட்டு, அட்டையில் தலையில் துணி கட்டிய கிழவி கண்ணாடி உருண்டையைப் பார்க்கிற படம் போட்டிருக்கிறார்கள். எனக்குக் கோபமே வந்தது. கதையில் குறி சொல்பவர் ஒருவர்கூட இல்லை! அப்புறம் நான்காம் உறையில் ஊர்ப் பெரியவர்கள் கூடி "கிரிஸ்" நடத்துகிறார்கள். கிரிஸ் என்பது கால்டராஷ் போன்ற விலாக்ஸ் பிரிவு ரோமாக்களின் பஞ்சாயத்து. இங்கிலாந்தின் ரோமானிச்சல்களிடம் அது கிடையாது. ஒரு இனத்தின் எல்லாப் பிரிவுகளையும் ஒன்றாகப் போட்டுக் கலக்குவதுதானே நாம் எல்லோரும் செய்கிற தவறு, இவர்களாவது தவிர்த்திருக்கலாம். வரைபடத்தில் எழுத்து மிகப் பொடி, குறிப்புப் புத்தகம் சுமார்.

இரண்டு பேருக்கு மிகச் சரியாக இருக்கும், நான்கு பேர் உட்கார்ந்தால் ஒருவர் சும்மா இருக்க நேரும். ஒருமுறை விளையாடினால் முடிந்தது, ஆனால் காகிதம் எதையும் கிழிக்க வேண்டியதில்லை, அடுத்தவருக்குக் கொடுக்கலாம். நாங்கள் அடுக்கி வைத்துவிட்டோம். வாங்கினால் ஒன்று மட்டும் செய்யுங்கள்: மூன்றாம் உறையைப் பிரிக்கும் முன், சமையல் பக்கத்துப் புகைப்படத்தை நல்ல வெளிச்சத்தில் இன்னொரு தடவை பாருங்கள்.