அகார் தட்டில் படரும் உயிர்ப்படலம்: எந்தக் கணித மாதிரியை எடுப்பது?

புதுச்சேரி, கடலூர் வட்டாரக் கல்லூரிகளில் முதுநிலை ஆய்வேட்டுக்காகப் பாக்டீரியா உயிர்ப்படலத்தை, அதாவது அகார் என்னும் கெட்டிக் கூழின் மேல் செல்கள் பசையோடு ஒட்டிப் படரும் அடுக்கை, கணிதத்தில் எழுத முனைவோர், மென்பொருளை முதலில் முடிவுசெய்துவிட்டு அளவீட்டைப் பிறகு யோசிப்பதுண்டு. என் பார்வையில் வரிசை தலைகீழாக இருக்க வேண்டும்: எதை அளக்க முடியும் என்பதே மாதிரியைத் தீர்மானிக்கட்டும்.

ஃபிஷரும் கொல்மோகரோவ் குழுவினரும் 1937-இல் தனித்தனியே ஆராய்ந்த விரவல்-வளர்ச்சிச் சமன்பாடுதான் (விரவல் என்பது அடர்த்தி மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத் தானாகப் பரவுதல்) மிக எளியது. விரவல் குணகத்தையும் வளர்ச்சி வீதத்தையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து இரட்டித்தால் விளிம்பு நகரும் வேகம் கிடைக்கும். ஓர் அளவுகோலும் கைப்பேசிக் கேமராவும் இருந்தால் சோதித்துவிடலாம். விளிம்பு மணிக்கு 0.25 மி.மீ. நகர்கிறது, செல்கள் 30 நிமிடத்தில் இரட்டிக்கின்றன என்று கொள்வோம். வளர்ச்சி வீதம் மணிக்கு 1.39, ஆகவே விரவல் குணகம் மணிக்கு 0.011 சதுர மி.மீ. அளவில் வருகிறது. நீரில் குளுக்கோஸுக்கு இது மணிக்கு ஏறத்தாழ 2.4 சதுர மி.மீ., அதாவது இருநூறு மடங்குக்கும் மேல். சிக்கல் என்னவென்றால், 1.5 சதவீதக் கெட்டி அகாரின் மேல் செல்கள் நீந்துவதே இல்லை. அவை பெருகி ஒன்றையொன்று தள்ளுகின்றன. எனவே அந்த 0.011 தரவுக்குப் பொருத்திய எண்ணே தவிர, அளந்தறிந்த இயற்பியல் பண்பு அன்று. போதாக்குறைக்கு, இச்சமன்பாட்டின் விளிம்பு எங்கும் முடியாமல் வால்போல் மெலிந்துகொண்டே போகும். தட்டிலோ விளிம்பு வெட்டினாற்போல் தெரிகிறது.

இந்தக் குறையைத்தான் எபெர்ல், பார்க்கர், வான் லூஸ்டிரெக்ட் ஆகியோர் 2001-இல் முன்வைத்த மாதிரி தீர்க்கிறது. செல் அடர்த்தி குறைவான இடத்தில் விரவல் பூச்சியத்தை நெருங்கும், உச்ச அடர்த்தியை எட்டும்போது கட்டுக்கடங்காமல் உயரும். அதனால் படலம் இடம் நிரம்பிய பிறகே நகர்கிறது, விளிம்பும் கூர்மையாக நிற்கிறது. ஊட்டப்பொருளுக்குத் தனிச் சமன்பாடு இருப்பது இதன் இன்னொரு பலம். 4 மி.மீ. ஆழமுள்ள அகாரின் அடியிலிருந்து குளுக்கோஸ் மேலே வர ஏழு மணி நேரம் போலப் பிடிக்கும் என்பதால், ஊட்டம் எப்போதும் ஒரே அளவில் கிடைப்பதாகக் கொள்வது ஓர் இரவு நீளும் சோதனைக்கே பொருந்தாது.

மண்ணில் வாழும் பாக்டீரியாவான பேசில்லஸ் சப்டிலிஸை எடுத்துக்கொண்டால் கதை மாறுகிறது. செல்கள் வெளியிடும் சர்க்கரைப் பசை சவ்வூடு அழுத்தத்தால் அகாரிலிருந்து நீரை உறிஞ்சி, படலத்தை உப்பவைத்துப் பரப்புகிறது என்று 2012-இல் செமினாரா குழுவினர் காட்டினர். பரவலுக்கு, நீந்த உதவும் வால்போன்ற கசையிழைகள் தேவைப்படவில்லை. படலத்தை மெல்லிய திரவ அடுக்காகக் கொள்ளும் இதற்கான மென்படல மாதிரி அழகானதுதான், ஆனால் படலத்தின் உயரத்தையும் அளந்தாக வேண்டும். அகாரின் ஈரமே இங்கு உந்துவிசை என்பதால், கத்திரி வெயிலில் ஊற்றி உலர்த்திய தட்டையும் ஐப்பசி மழையில் தயாரித்த தட்டையும் ஒரே வரைபடத்தில் சேர்ப்பது சரியாகாது. நம் கடற்கரை ஊர்களில் உலர்த்தும் நேரத்தையும் அறையின் ஈரப்பதத்தையும் குறித்துவைக்காத தரவை இந்த மாதிரிக்குக் கொடுக்க நான் துணியமாட்டேன்.

ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே கணக்கிடும் முறைக்கு 1998-இல் பாக்சிம், 2011-இல் ஐடைனோமிக்ஸ் என்று மென்பொருள்கள் வந்தன. படம் கண்ணைப் பறிக்கும். ஆனால் 5 மி.மீ. விட்டமும் 0.1 மி.மீ. உயரமும் உள்ள சிறு படலத்திலேயே செல்கள் பல கோடிக்கணக்கில் இருக்கும், கல்லூரிக் கணினி அதைத் தாங்காது. இரு நிறச் செல்களைக் கலந்து வைத்தால் விளிம்பில் தற்செயலாகப் பிரியும் நிறப்பட்டைகளே உங்கள் கேள்வி என்றால் மட்டும் இதற்கு ஈடில்லை. மேற்சொன்ன சராசரி மாதிரிகள் அதைக் காட்டாது.

வானரும் குயேரும் 1986-இல் தந்த ஒற்றைப் பரிமாண மாதிரி கழிவுநீர்த் தொட்டிப் படலத்துக்கு உரியது. கடலூர் சிப்காட் பக்கம் வேலைக்குப் போகிறவருக்கு அது உதவும், அகார் தட்டின் மேல் பக்கவாட்டில் பரவும் படலத்துக்கு உதவாது.

விட்டத்தை மட்டும் அளக்க முடிந்தவர் எபெர்ல் மாதிரியிலேயே தொடங்கலாம். சப்டிலிஸ் வைத்திருப்பவர் கூடவே பசை சுரக்காத திரிபு வகை ஒன்றையும் அதே நாளில் ஊற்றிய தட்டில் வளர்க்க வேண்டும். இரண்டின் பெருக்க வீதமும் ஒன்றாக இருந்தால், பசையைக் கணக்கில் கொள்ளாத எபெர்ல் மாதிரி இரண்டுக்கும் ஒரே விட்டத்தைத்தான் கணிக்கும். பசையற்ற வகை பின்தங்கினால் அந்த மாதிரியைக் கைவிட்டு, உயரம் அளக்கும் வசதியுள்ள ஆய்வகத்தைத் தேட வேண்டியதுதான்.