உணவுத் தராசுடன் மூன்றரை ஆண்டுகள்: மாவுச்சத்தைக் குறைத்து உண்பவருக்கு எவ்வளவு துல்லியம் தேவை?

ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் இருபத்தாறு ஆண்டுகளாகக் கணக்கு எழுதி வருகிறேன். 2021ஆம் ஆண்டு நவம்பரில் எனது மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு (HbA1c) 8.4 சதவீதம் என்று வந்தது. உடல் எடை அப்போது 84 கிலோ. மருத்துவர் மாத்திரையோடு மாவுச்சத்தைக் குறைத்து உண்ணும் முறையையும் பரிந்துரைத்தார். ஒரு நாளைக்கு 130 கிராமுக்குக் கீழே மாவுச்சத்து என்றால் குறைமாவு உணவு என்றும், 50 கிராமுக்குக் கீழே போனால் மிகக் குறைமாவு என்றும் பொதுவாக வகுக்கிறார்கள். கவுந்தப்பாடியில் சோறும் களியும் உண்டு வளர்ந்த நான் 80 கிராம் என்ற இலக்கை வைத்துக்கொண்டேன். அந்த வாரமே ஒரு மின்னணுச் சமையலறைத் தராசு வாங்கினேன். அன்று முதல் அதனைப் பயன்படுத்திக் கற்றவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும் சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் மாவுச்சத்தைத் திடீரென்று குறைக்கக் கூடாது. மருந்தின் அளவு மாறாமல் உணவு மட்டும் மாறினால் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடும். சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின் போன்ற மருந்து எடுப்பவர்களுக்கு மிகக் குறைமாவு உணவினால் இரத்தத்தில் கீட்டோன் அமிலம் மிகும் ஆபத்தும் உண்டு. நான் முதல் மூன்று மாதங்கள் இருவாரத்துக்கு ஒருமுறை மருத்துவரைப் பார்த்தேன்.

தொடக்கத்தில் எல்லாவற்றையும் எடை போட்டேன். அரிசி, கீரை, வெங்காயம், கறிவேப்பிலை வரை நோட்டில் ஏறின. என் அம்மா இதனைப் பார்த்து வருந்தி, "சோத்த எடை போட்டுத் திங்கறது ஆகாது சாமி" என்றார். அவருக்கு அது உணவை அவமதிப்பதாகப் பட்டது. என் மனைவி கேட்ட கேள்விக்குத்தான் என்னிடம் பதில் இல்லை: "ஏனுங்க, நாலு பேருக்கு ஒரே சட்டியில ஆக்கறேன். இதுல உங்க பங்கு எத்தனைன்னு எப்படிங்க கண்டுபிடிப்பீங்க?" குறைமாவு உணவைப் பற்றிப் பேசுவோர் பலரும் தனக்கென்று தனியாகச் சமைத்துக்கொள்பவரை மனத்தில் வைத்தே பேசுகிறார்கள். நம் வீடுகளில் அப்படி நடப்பதில்லை. அளவு பற்றிய சிக்கல் முழுவதும் அந்தப் பொதுச் சட்டியில்தான் இருக்கிறது.

அதற்கு விடை மண்டித் தொழிலிலேயே கிடைத்தது. வயலிலிருந்து பறித்த பச்சை மஞ்சளை வேகவைத்துக் காயவைத்தால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு எடைதான் நிற்கும். ஆகையால் மண்டியில் எடையைக் கேட்பவர் ஈரத்தையும் சேர்த்துக் கேட்பார். சோற்றுக்கும் இதே கணக்குத்தான். 100 கிராம் பச்சரிசியில் ஏறத்தாழ 78 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. வெந்த பிறகும் அந்த 78 கிராம் அப்படியே இருக்கிறது, தண்ணீர் மட்டுமே கூடியிருக்கிறது. ஒரு விடுமுறை நாளில் ஒரே டப்பாவிலிருந்து 100 கிராம் அரிசியை மூன்று முறை தனித்தனியாக எடுத்து, தண்ணீரை மாற்றி மாற்றிக் குக்கரில் வைத்துப் பார்த்தேன். உதிரியாக வந்தது 260 கிராம், வழக்கமான பதத்தில் வந்தது 300 கிராம், அம்மாவுக்காகக் குழைய வைத்தது 345 கிராம். அதாவது நூறு கிராம் சோறு என்று தட்டில் வைத்தால் அதில் மாவுச்சத்து 30 கிராமாகவும் இருக்கலாம், 23 கிராமாகவும் இருக்கலாம். ஒரு வேளைக்கு 25 கிராம் என்று திட்டமிடுபவருக்கு இந்த வேறுபாடு பெரியது. வெந்த சோற்றைக் கிராம் கணக்கில் நிறுத்து, செயலியில் "சோறு" என்று தேடிப் பதிவு செய்கிறவர் தன்னையறியாமல் பக்கத்து வீட்டுச் சோற்றின் கணக்கை எழுதிக்கொண்டிருக்கிறார்.

இப்போது எங்கள் வீட்டில் நடப்பது இதுதான். அரிசியும் பருப்பும் சோறு ஆக்கும் நாளில் 300 கிராம் அரிசியும் 75 கிராம் துவரம்பருப்பும் உலர்ந்த நிலையில் நிறுக்கப்படுகின்றன. அரிசியில் 234, பருப்பில் சுமார் 41, சின்ன வெங்காயமும் தக்காளியும் தேங்காயும் சேர்ந்து ஒரு 15 என்று சட்டி முழுவதுக்கும் 290 கிராம் மாவுச்சத்து வருகிறது. வெந்து இறக்கியதும் குக்கரோடு நிறுத்து, குக்கரின் எடையைக் கழித்தால் சோறு 1,350 கிராம். நூறு கிராமுக்கு 21 என்று ஆகிறது. நான் 120 கிராம் போட்டுக்கொண்டு, கூடவே ஒரு கிண்ணம் நிறையக் கீரைக் கடையலும் நாட்டுக்கோழி வறுவலும் வைத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு முறையும் காலிப் பாத்திரத்தின் எடையைத் தேடுவது தொல்லையாக இருந்ததால், பாத்திரக் கடையில் பெயர் வெட்டும் இடத்துக்கே மூன்று குண்டாக்களையும் குக்கரையும் எடுத்துப் போய், அம்மாவின் பெயருக்குக் கீழே ஒவ்வொன்றின் எடையையும் வெட்டி வாங்கி வந்தேன். வெட்டுகிறவர் "எதுக்குங்க இது?" என்று கேட்டுவிட்டுக் குக்கரின் அடியில் 1,840 என்று அழகாகப் பொறித்துக் கொடுத்தார். மூன்றரை ஆண்டுகளில் நான் செய்த செலவுகளில் மிகப் பயனுள்ளது அதுவே.

தோசை மாவுக்கும் இதே வழி பொருந்தும். நாலுக்கு ஒன்று என்ற வீதத்தில் 400 கிராம் அரிசியும் 100 கிராம் உளுந்தும் அரைத்துக் கரைத்தால் எங்கள் வீட்டுப் பதத்தில் 1,250 கிராம் மாவு வருகிறது. நூறு கிராம் மாவில் 29 கிராம் மாவுச்சத்து. ஒரு கரண்டி 65 கிராம் என்பதால் ஒரு தோசைக்கு 19 கிராம். முன்பெல்லாம் நான் மூன்று தோசையை முடித்துவிட்டே எழுவேன்.

அட்டவணையைப் படிப்பதில் நான் செய்த தவறைச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் அதே தவறைப் பலரிடமும் காண்கிறேன். அமெரிக்க அட்டவணைகளில் மாவுச்சத்து என்ற எண்ணுக்குள் நார்ச்சத்தும் அடங்கியிருக்கும். அதனைக் கழித்தால்தான் உடலில் சேரும் மாவுச்சத்து தெரியும். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணையில் நார்ச்சத்து ஏற்கெனவே நீக்கப்பட்டுத் தனி நிரலில் தரப்பட்டிருக்கிறது. அதில் ராகிக்கு மாவுச்சத்து 66.8, நார்ச்சத்து 11.2 என்று இருக்கிறது. நான் மூன்று மாதங்களாக ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து 55.6 என்று எழுதி வந்தேன். 50 கிராம் ராகி மாவில் கிண்டிய களிக்கு 28 என்று நம்பிக்கொண்டிருக்க, உள்ளே போனது 33. களி உண்ட நாட்களில் மட்டும் சர்க்கரை ஏன் ஏறுகிறது என்று புரியாமல் இருந்தேன். ஒரு வரியில் உள்ள நீர், புரதம், கொழுப்பு, நார், மாவு, சாம்பல் ஆறையும் கூட்டிப் பாருங்கள். நூறு வந்தால் நார் தனியாக இருக்கிறது என்று பொருள், மறுபடி கழிக்க வேண்டியதில்லை.

கொள்ளு எனக்கு இன்னொரு பாடமாக அமைந்தது. "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று கேட்டு வளர்ந்தவன் என்பதால் கொள்ளுப் பருப்பை அளவில்லாமல் கடைந்து உண்டேன். உலர்ந்த கொள்ளில் நூற்றுக்கு 57 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. கைப்பிடியாக நாற்பது கிராம் போட்டாலே 23 கிராம் வந்துவிடுகிறது. கொள்ளில் புரதம் நூற்றுக்கு ஏறத்தாழ 22 கிராம் இருப்பதால் அதனை விட்டுவிடவில்லை. 20 கிராமாக நிறுத்துப் போடுகிறேன். நாட்டுச் சர்க்கரையிலும் இப்படித்தான். பழநி பஞ்சாமிர்தத்துக்குச் சர்க்கரை தரும் எங்கள் கவுந்தப்பாடியில் "நாட்டுச் சர்க்கரை ஒண்ணும் பண்ணாது கண்ணு" என்று அன்போடு டம்ளரில் கலந்து தருவார்கள். குவித்த ஒரு சிறு கரண்டி ஏழு கிராம் இருக்கிறது. அதில் பெரும்பகுதி சர்க்கரைதான்.

ஓராண்டு நோட்டை வைத்துக்கொண்டு, எந்தப் பொருளில் எடை தவறினால் எவ்வளவு கெடுகிறது என்று கணக்குப் போட்டேன். முட்டைக்கோஸில் 30 கிராம் கூடிவிட்டால் ஒரு கிராம் மாவுச்சத்துதான் கூடுகிறது. அரிசியில் அதே 30 கிராம் தவறினால் 23 கிராம் கூடுகிறது. கீரை, சுரைக்காய், பீர்க்கங்காய், பாகற்காய், வெண்டைக்காய், கத்தரிக்காய் ஆகியவற்றை அன்றோடு எடை போடுவதை நிறுத்தினேன். முட்டையும் கோழியும் ஆட்டுக்கறியும் மாவுச்சத்துக்காக நிறுக்கப்பட வேண்டியவை அல்ல. வீட்டில் உள்ள சர்க்கரைமானியும் எனக்கு இதையே சொல்லிற்று: 100க்கு மேற்பட்ட அளவுகளில் ஆய்வகத்தின் எண்ணிலிருந்து 15 சதவீதம் வரை வேறுபடுவதை அந்தக் கருவிகளுக்கான பன்னாட்டுத் தர அளவே ஏற்றுக்கொள்கிறது. அட்டவணையின் எண்களும் பல மாதிரிகளின் சராசரிதான். இவ்வளவு நெகிழ்வு இருக்கும் இடத்தில் கறிவேப்பிலையை நிறுப்பதில் பொருளில்லை. ஆனால் அரிசியை ஐந்து கிராமுக்குள் நிறுப்பதில் பொருள் இருக்கிறது.

கடலைக்காயும் தேங்காயும் வேறு வகை. முப்பது கிராம் நிலக்கடலைப் பருப்பில் நார் போக இரண்டு, மூன்று கிராம் மாவுச்சத்துதான், ஆனால் 170 கலோரி இருக்கிறது. மாவுச்சத்து குறைவு என்று எண்ணி மாலையில் பேசிக்கொண்டே உரித்துத் தின்றதில் நான்கு மாதங்கள் என் எடை அசையவே இல்லை. இப்போது தோலுரித்த பருப்பாக 30 கிராம் நிறுத்து எடுத்துக்கொண்டு டப்பாவை மூடிவிடுகிறேன். செக்கு எண்ணெய்க்கும் ஒரு அளவு கரண்டி உண்டு. பாலும் என் கண்ணுக்குத் தப்பிய ஒன்று: மண்டியில் நாளைக்கு ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் 100 மில்லி பால் என்றால், சர்க்கரை இல்லாமலே 25 கிராம் மாவுச்சத்து, அதாவது ஒரு வேளைச் சோறு.

இனி தராசைப் பற்றி. ஐந்து கிலோ வரை தாங்கும், ஒரு கிராம் வரை காட்டும் தராசு வீட்டுக்குப் போதும். முதலில் வாங்கியது பதினான்கு மாதங்களில் பழுதானது. கொதிக்கும் குக்கரை அதன்மேல் நேராக வைத்து வந்ததால் ஆவி உள்ளே இறங்கியிருக்க வேண்டும். இப்போது பிரிமணையை வைத்து, எண்ணைச் சுழியாக்கிக்கொண்டு, அதன்மேல் பாத்திரத்தை வைக்கிறேன். அகலமான குண்டா எண் தெரியும் இடத்தை மறைத்துவிடும். அப்போது ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்து உயர்த்திக்கொள்ளலாம். மின்விசிறிக் காற்றில் எண் ஆடும். இரண்டு நிமிடம் தொடாமல் விட்டால் தானே அணைந்து, சுழியாக்கியது அழிந்துபோகும். ஆகையால் பாத்திரத்தின் எடை தெரிந்திருப்பது நல்லது.

இந்தத் தராசுகளில் பலரும் அறியாத குறை ஒன்று உண்டு. நாட்டுச் சர்க்கரையையோ எள்ளையோ சிறிது சிறிதாகத் தூவினால் முதல் இரண்டு, மூன்று கிராமைத் தராசு அலைவு என்று கருதிச் சுழியாகவே காட்டிக்கொண்டிருக்கும். அதற்குக் கழித்து அளப்பதே வழி: டப்பாவை முழுதாகத் தராசில் வைத்துச் சுழியாக்கி, கரண்டியால் அள்ளி எடுத்தால், எடுத்த அளவு கழித்தல் குறியோடு தெரியும். எண்ணெய்க்கும் நெய்க்கும் இதுவே சிறந்தது, கிண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வீணாவதில்லை.

ஆறு மாதங்களுக்குப் பிறகு, தராசில் வைக்குமுன் கண்ணால் மதிப்பிட்டு நோட்டில் எழுதிவிட்டு நிறுக்கும் பழக்கத்தை மேற்கொண்டேன். தொடக்கத்தில் 120 கிராம் சோற்றை 80 என்று மதிப்பிட்டு வந்தேன். எப்போதும் குறைத்தே மதிப்பிட்டேன், ஒருமுறைகூடக் கூட்டியதில்லை. ஒரு வருடத்தில் அந்தப் பிழை பத்து, பதினைந்து கிராமுக்குள் வந்தது. கல்யாணப் பந்தியிலும் உறவினர் வீட்டிலும் தராசு தேவைப்படாமல் போனதற்கு இந்தப் பயிற்சிதான் காரணம். அதே குழிக்கரண்டியால் வீட்டில் நிறுத்துப் பழகியிருந்தால், பந்தியில் எத்தனை கரண்டி விழுகிறது என்று பார்த்தாலே போதுமானதாக இருக்கிறது.

முதல் பத்து நாட்களில் மூன்று கிலோ குறைந்தபோது மகிழ்ந்தேன். உடலில் சேமிப்பாக இருக்கும் மாவுச்சத்து ஒவ்வொரு கிராமுக்கும் மூன்று கிராம் அளவு தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பதால் போனதில் பெரும்பகுதி தண்ணீர் என்று மருத்துவர் விளக்கினார். இன்று என் எடை 73 கிலோ, மூன்று மாதச் சராசரி 6.2. இப்போது நாள்தோறும் நிறுப்பது அரிசி, சிறுதானிய மாவு, பருப்பு வகைகள், கடலைக்காய் ஆகிய நான்கை மட்டும். சமைக்கும் முன்பே மனைவி நிறுத்து, சட்டியின் மொத்தத்தைச் சுவரில் மாட்டியுள்ள காலண்டர் தாளில் குறித்துவிடுகிறார். பக்கத்து மளிகைக் கடையில் முத்திரையிட்ட 200 கிராம் எடைக்கல் ஒன்றை மாதத்தின் முதல் ஞாயிறு இரவல் வாங்கி வந்து தராசைச் சோதிக்கிறேன். சென்ற முறை 201 காட்டியது; மின்கலத்தை மாற்றியதும் 200க்கு வந்தது.