ஸ்ட்ரெட்சிங்: சில வருடங்கள் செய்து பார்த்தபின்

குனிந்தால் கை தரையில் படவேண்டும், அதற்காகத்தான் ஆரம்பித்தேன். சில மாதங்களிலேயே பட்டுவிட்டது. அதற்கப்புறமும் வருடக்கணக்கில் விடாமல் செய்துவருகிறேன். இனி ஆரம்பிப்பவர்களுக்கு உபயோகப்படும் என்று இதை எழுதுகிறேன்.

முதல் சில வாரங்களில் முன்னேற்றம் மளமளவென்று வரும். தசை நீண்டுவிட்டது என்று தோன்றும், ஆனால் பெரும்பாலும் அப்படி இல்லை. அந்த இழுவையைத் தாங்கிக்கொள்ள நரம்பு மண்டலம் பழகிக்கொள்கிறது. முன்பு ‘போதும்’ என்று தடுத்த இடத்தில் இப்போது தடுப்பதில்லை, அவ்வளவுதான். கொஞ்ச நாள் விட்டால் பழைய விறைப்பு திரும்புவதும் இதனால்தான்.

தொடையின் பின்பக்கத் தசைக்கு நான் செய்வது இது. கதவு நிலை ஓரமாக மல்லாந்து படுத்து, ஒரு காலை நிலைமேல் சாய்த்து, மறு காலை வாசல் வழியாக நீட்டிக்கொள்வேன். சாய்த்த காலின் குதிகாலால் நிலையை ஐந்தாறு விநாடி அழுத்திவிட்டுத் தளர்த்துவேன். உடனே இடுப்பைக் கொஞ்சம் நிலைப்பக்கம் நகர்த்த முடியும். மறுபடி அழுத்தல், தளர்த்தல். 1940களில் ஹெர்மன் கபாட் என்ற அமெரிக்க மருத்துவர் நரம்புப் பாதிப்பு உள்ளவர்களுக்காக உருவாக்கிய பிஎன்எஃப் என்ற அசைவுப் பயிற்சி சிகிச்சையிலிருந்து வந்த முறை. சும்மா பிடித்துக்கொண்டு இருப்பதைவிட எனக்கு இதில்தான் பலன் சீக்கிரம் தெரிந்தது.

இழுவை தொடையின் நடுவில் தெரிந்தால் சரி. முழங்காலுக்குப் பின்னால் சுரீர் என்றாலோ, பாதம் மரத்தாலோ அங்கே இழுபடுவது நரம்பாக இருக்கலாம். அதோடு மல்லுக்கட்டாதீர்கள். பாதத்தைத் தளரவிட்டு, முழங்காலைக் கொஞ்சம் மடக்கினாலே பெரும்பாலும் அடங்கிவிடும்.

அளவு என்று பார்த்தால், அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி (ஏசிஎஸ்எம்) என்ற நிபுணர் அமைப்பு சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 2, 3 நாள். ஒரு தடவைக்கு 10 முதல் 30 விநாடி. ஒவ்வொரு பயிற்சிக்கும் மொத்தம் 60 விநாடி. தினமும் ஒரு மணி நேரம் உடம்பை முறுக்கவேண்டிய அவசியமே இல்லை.

எடை தூக்குவதற்குச் சற்று முன் ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்துப் பிடித்தால் பலம் லேசாகக் குறையும். அந்த நேரத்துக்குக் கால் வீசுதல், கை சுழற்றுதல் போன்ற அசைவுகள் போதும். பிடித்து நிற்பதெல்லாம் உடம்பு சூடான பிறகு. மறுநாள் வரும் தசைவலி இதனால் குறையும் என்று நம்பி வந்தால் ஏமாற்றம்தான். ஆய்வுகளும் பெரிய வித்தியாசம் இல்லை என்றே சொல்கின்றன.

கிடைத்த நெகிழ்வை நிலைக்க வைத்தது எடைப் பயிற்சி. ருமேனியன் டெட்லிஃப்டில், அதாவது முழங்காலை லேசாக மட்டும் மடக்கி இடுப்பிலிருந்து குனிந்து நிமிரும் பயிற்சியில், எடையை மெதுவாக இறக்கி, தசை முழுதாக நீளும் இடத்தில் ஒரு விநாடி நிறுத்தி ஏற்றுவேன். அது வந்த பிறகு, ஊர் போய் வந்து இடைவெளி விழுந்தாலும் விறைப்பு முன்போலத் திரும்புவதில்லை. மூட்டு அசையக்கூடிய முழுத் தூரத்துக்கும் செய்யும் எடைப் பயிற்சியே ஸ்ட்ரெட்சிங் அளவுக்கு நெகிழ்வு தரும் என்பதை ஜிம்களில் யாரும் அதிகம் சொல்வதில்லை.

மூட்டுகள் இயல்பாகவே அதிகம் வளைபவர்களுக்கு ஸ்ட்ரெட்சிங்கைப் பரிந்துரைக்கமாட்டேன். அவர்களுக்குத் தேவை பலம். குத்தவைத்து உட்காரும்போது கணுக்காலின் முன்பக்கம் இடிப்பதுபோல் இருந்தால், கெண்டைக்காலை எவ்வளவு இழுத்தாலும் தீராது. பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டுவது நல்லது.

இப்போது தனியாக நேரம் ஒதுக்குவது கெண்டைக்காலுக்கும் இடுப்பின் முன்பக்கத்துக்கும் மட்டும். கதவு நிலைப் பயிற்சி எப்போதாவதுதான்.