ட்ரீ, தேடல், திரும்பல்: விஎஸ் கோட், பைசார்ம், நியோவிம் மூன்றிலும் ஃபைல் தாவும் கணக்கு

விஎஸ் கோட், பைசார்ம், நியோவிம் போன்ற கோட் எடிட்டர்களில் (புரோகிராம் எழுதும் மென்பொருள்) எது வேகமானது என்று சண்டை வந்தால் திறக்கும் நேரம், மெமரி, தீம் என்றுதான் பேச்சு ஓடும். நேரம் கரைவது வேறு இடத்தில். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஏமி கோ, பிராட் மையர்ஸ் குழுவினர் எக்லிப்ஸ் எடிட்டரில் வேலை செய்த 10 ஜாவா புரோகிராமர்களைக் கவனித்து 2006-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஃபைலுக்குள்ளும் ஃபைல்களுக்கு நடுவிலும் நகர்வதற்கு மட்டும் சராசரியாக 35 சதவீத நேரம் போயிருந்தது. இத்தனைக்கும் அவர்களிடம் கொடுத்தது ஏறத்தாழ 500 வரி கொண்ட ஒரு சின்ன டிராயிங் புரோகிராம்.

அந்த நேரத்தைக் குறைக்க எடிட்டர்கள் கொடுப்பது நான்கு வழி: இடப்பக்க ஃபோல்டர் ட்ரீ, பெயரைத் தட்டித் தேடும் பெட்டி, ஃபங்ஷன் பெயரிலிருந்து அது எழுதப்பட்ட இடத்துக்குத் தாவுவது, ஏற்கெனவே இருந்த இடத்துக்குத் திரும்புவது. விவாதம் எல்லாம் முதல் இரண்டைச் சுற்றியே நடக்கிறது. ஆனால் ஒரு பக் திருத்தும்போது தொடும் ஃபைல்கள் ஐந்தோ ஆறோதான். அவற்றுக்குள்ளேயே அங்கும் இங்கும் போய்வருவதுதான் வேலையின் பெரும்பகுதி. அதனால் நான்காவது வழியை எவ்வளவு சுலபமாக்குகிறது என்பதை வைத்தே எடிட்டரை எடைபோட வேண்டும்.

ஒப்பிட ஒரே வேலையை எடுத்துக்கொள்வோம். ஜாங்கோ என்ற பைத்தான் வெப் ஃபிரேம்வொர்க்கில் எழுதிய ஒரு கடை மென்பொருள். ஆர்டர்ஸ், கஸ்டமர்ஸ், இன்வென்டரி, பில்லிங் என்று நான்கு ஆப், ஒவ்வொன்றிலும் மாடல்ஸ்.பை, வியூஸ்.பை, சீரியலைசர்ஸ்.பை, கூடவே டெஸ்ட்ஸ் ஃபோல்டர். ஆர்டரில் தள்ளுபடிக்கு ஒரு ஃபீல்டு சேர்க்க வேண்டும். மாடல், மைக்ரேஷன், சீரியலைசர், வியூ, டெஸ்ட் என ஐந்து ஃபைல். சாவிகள் எல்லாம் விண்டோஸ், லினக்ஸ் கணக்கு, மேக்கில் வேறுபடும்.

ட்ரீ: முதல் நாளுக்கு

பழக்கமில்லாத ரிப்போவில் (ஒரு புராஜெக்டின் மொத்தக் கோடும் இருக்கும் இடம்) நுழைந்த நாளில் ட்ரீயை மிஞ்ச ஆளில்லை. எதைத் தேடுவது என்றே தெரியாதபோது தேடல் பெட்டி என்ன செய்யும்? நான்கு ஆப் இருக்கிறது, செட்டிங்ஸ் தனி ஃபோல்டரில் கிடக்கிறது, டெஸ்ட் இங்கே இருக்கிறது என்ற வரைபடத்தை மனதில் ஏற்றுவது ட்ரீதான். ஒரு வாரம் போனால் அந்த வரைபடம் மனதில் ஏறிவிடும். அதன்பிறகும் திரையில் 300 பிக்சலை அதற்குத் தாரைவார்ப்பவர்கள்தான் அதிகம். விஎஸ் கோடில் அந்த சைட்பாரை மூடுவது கன்ட்ரோல்+பி (B). தேடல் பெட்டியைத் திறப்பது கன்ட்ரோல்+பி (P). தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும் என்பதால் இனிமேல் தேடல் பெட்டியை அதன் பெயரான குவிக் ஓப்பன் என்றே சொல்கிறேன்.

விஎஸ் கோட் ட்ரீயில் உடனே மாற்ற வேண்டியது உள்தள்ளல். இயல்பு அளவு 8 பிக்சல். நான்காவது அடுக்குக்குப் போனால் எது எதற்குள் இருக்கிறது என்று கண் தடுமாறும். ட்ரீ இன்டென்ட் என்று செட்டிங்ஸில் தேடி 16 ஆக்குங்கள். ஒரே ஒரு ஃபோல்டரை மட்டும் கொண்ட ஃபோல்டர்களை ஒரே வரியில் சேர்த்துக் காட்டும் காம்பாக்ட் ஃபோல்டர்ஸ் வசதி ஜாவா ரிப்போக்களுக்கு வரம். ஜாங்கோவில் சில நேரம் தொல்லை: நடுவில் இருக்கும் ஃபோல்டரில் புது ஃபைல் சேர்க்க, அந்த வரியில் சரியான துண்டைப் பார்த்து ரைட் கிளிக் செய்ய வேண்டும்.

பெரிய சிக்கல் ஆட்டோ ரிவீல். திறந்த ஃபைலை ட்ரீயில் தானே தேடிப்போய்க் காட்டும் இந்த வசதி விஎஸ் கோடில் இயல்பாகவே ஓடிக்கொண்டிருக்கும். ஜாங்கோவின் உள் கிளாஸ் ஒன்றின் மேல் எஃப்12 (எழுதப்பட்ட இடத்துக்குத் தாவும் சாவி) அழுத்திப் பாருங்கள். புராஜெக்டுக்கான லைப்ரரிகளை வைத்திருக்கும் விர்ச்சுவல் என்விரான்மென்ட் ஃபோல்டர் புராஜெக்டுக்குள்ளேயே இருந்தால், ட்ரீ அதைப் பிளந்து உள்ளே சைட் பேக்கேஜஸ் ஃபோல்டர் வரை இறங்கிவிடும். உங்கள் ஆர்டர்ஸ் ஃபோல்டர் நூற்றுக்கணக்கான வரிகளுக்கு அப்பால் போய்விடும். ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிகள் கிடக்கும் நோட் மாட்யூல்ஸ் போன்றவற்றுக்கு இயல்பாகவே விலக்கு இருக்கிறது. ஆட்டோ ரிவீல் எக்ஸ்க்ளூட் பட்டியலில் விர்ச்சுவல் என்விரான்மென்டின் பெயரையும் சேர்த்துவிட்டால் தீரும்.

பைசார்மில் இது தலைகீழ். ஆல்வேஸ் செலக்ட் ஓப்பன்ட் ஃபைல் என்பதை நாமே போட்டுக்கொள்ள வேண்டும். வேண்டாதவர்கள் ஆல்ட்+எஃப்1 அழுத்தி, இந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று கேட்ட நேரத்தில் மட்டும் பார்க்கலாம். இந்த ஏற்பாடே நல்லது. நாம் கேட்காதபோது ட்ரீ அசையக் கூடாது.

நியோவிமில் கூடவே வரும் ஃபோல்டர் பார்வையான நெட்ஆர்டபிள்யூ போதும் என்பவர்களும் உண்டு. ஆனால் ஆயில் பிளகினின் யோசனை தனி ரகம்: ஃபோல்டரின் உள்ளடக்கம் சாதாரண எழுத்தாக ஒரு பஃபரில், அதாவது திருத்தும் பக்கத்தில், திறக்கும். வரியைத் திருத்தினால் பெயர் மாறும், வரியை அழித்தால் ஃபைல் போகும், சேமித்தால்தான் எல்லாம் நடக்கும். பன்னிரண்டு டெஸ்ட் ஃபைல்களின் முன்னொட்டை ஒரே மாற்றுக் கட்டளையில் மாற்றலாம். இம்போர்ட் வரிகள் கூடவே மாறுமா என்பது லாங்வேஜ் சர்வர் (எடிட்டருக்குப் பின்னால் கோடைப் புரிந்துகொள்ளும் புரோகிராம்) அதை ஆதரிப்பதைப் பொறுத்தது. இந்த ஒரு விஷயத்தில் பைசார்மை நம்பலாம்; எஃப்6 அழுத்தி நகர்த்தினால் இம்போர்ட்களையும் திருத்திக் கொடுக்கும்.

தேடல் பெட்டி: பெயர் தெரிந்தால்

எழுத்துகளை அரைகுறையாகத் தட்டி ஃபைலைப் பிடிக்கும் பழக்கத்தைப் பரவலாக்கியது சப்ளைம் டெக்ஸ்ட் 2-இன் கோட்டு எனிதிங். இன்று எல்லா எடிட்டரிலும் இருக்கிறது. ஆனால் நம் கடை மென்பொருளில் "மாடல்ஸ்" என்று தட்டினால் நான்கு வரி வரும், நான்கும் ஒரே பெயர். ஜாவாஸ்கிரிப்ட் ஃபிரேம்வொர்க்கான நெக்ஸ்ட்.ஜேஎஸ் புராஜெக்டில் நிலைமை இன்னும் மோசம்: ஆப் ரவுட்டரில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஃபைல் பெயர் 'பேஜ்' தான்.

பெயரை மறந்து ஃபோல்டரைத் தட்டுங்கள். விஎஸ் கோடின் குவிக் ஓப்பனில் இடைவெளி விட்டு இரண்டு துண்டு கொடுக்கலாம். ஆங்கிலத்தில் "ord mod" என்ற ஆறு எழுத்து போதும், ஆர்டர்ஸின் மாடல்ஸ் மேலே வரும். பைசார்மில் கன்ட்ரோல்+ஷிஃப்ட்+என் அழுத்தி நடுவில் சாய்கோடு போட வேண்டும். இரண்டிலுமே பெயருக்குப் பின் முக்காற்புள்ளியும் எண்ணும் கொடுத்தால் அந்த வரியிலேயே போய் நிற்கும். எரர் டிரேஸில் வரி எண் கிடைத்ததும் இதுதான் குறுக்குவழி. பைசார்மில் ஷிஃப்ட்டை இரண்டு முறை தட்டினால் வரும் சர்ச் எவ்ரிவேர் ஃபைல், கிளாஸ், செட்டிங் எல்லாவற்றையும் கலந்து கொட்டும். தேடுவது ஃபைல் என்று தெரிந்தால் அதற்குரிய சாவியையே அழுத்துவது மேல்.

நியோவிமில் எஃப்இசட்எஃப் என்ற தேடல் கருவி சார்ந்த பிளகின் போட்டவர்களுக்கு இங்கே ஒரு படி முன்னிலை. ஆச்சரியக்குறி போட்டு ஒரு சொல்லை எழுதினால் அந்தச் சொல் உள்ள ஃபைல்கள் பட்டியலிலிருந்து விலகும். டெஸ்ட் ஃபைல்களை ஒதுக்கிவிட்டு ஆர்டர்ஸ் வியூஸை மட்டும் பார்க்க ஐந்து எழுத்து கூடுதலாகத் தட்டினால் போதும்.

ஃபைல் இருக்கிறது, ஆனால் தேடலில் வரவில்லை என்ற புகார் அடிக்கடி கேட்கும். பெரும்பாலும் காரணம் கிட்இக்னோர், அதாவது கிட் கண்டுகொள்ள வேண்டாத ஃபைல்களின் பட்டியல். விஎஸ் கோடின் குவிக் ஓப்பனும், ரிப்கிரெப் அல்லது எஃப்டி என்ற தேடல் கருவிகள் வழியாகத் தேடும் நியோவிம் பிளகின்களும் கிட்இக்னோரில் உள்ள ஃபைல்களைக் காட்டாது. .என்வ் ஃபைலும் தானாக உருவாகும் கோடும் இப்படித்தான் மாயமாகும். விஎஸ் கோடில் யூஸ் இக்னோர் ஃபைல்ஸ் என்பதை அணைக்கலாம். ஆனால் அதற்குப் பின் விர்ச்சுவல் என்விரான்மென்ட் போன்றவற்றைச் சர்ச் எக்ஸ்க்ளூடில் கையால் சேர்த்தாக வேண்டும். இல்லாவிட்டால் தேடல் முழுக்க லைப்ரரி ஃபைல்களே நிற்கும்.

குறியீட்டுத் தாவல்: எங்கே முறியும்

வரையறைக்குத் தாவுவது விஎஸ் கோடில் எஃப்12, பைசார்மில் கன்ட்ரோல் அழுத்தி கிளிக். இரண்டும் நன்றாகவே வேலை செய்கின்றன. முறிவது ஜாங்கோ பெயர்களைச் சரமாக எழுதும் இடங்களில். ரிவர்ஸ் ஃபங்ஷனுக்குள் மேற்கோளில் கொடுத்த யூஆர்எல் பெயரோ, ரெண்டருக்குக் கொடுத்த டெம்ப்ளேட் பாதையோ லாங்வேஜ் சர்வருக்கு வெறும் எழுத்து. பைசார்மின் கட்டண வசதிகளில் ஜாங்கோ ஆதரவு இருப்பதால் அங்கிருந்தும் தாவலாம். மற்ற இரண்டிலும் பெரும்பாலும் முழு ரிப்போ தேடல்தான் கதி. ஜாங்கோ வேலை மட்டுமே செய்பவருக்கு அந்தக் கட்டணம் நியாயமானது என்று சொல்ல இந்த ஒன்று போதும்.

திரும்பிப் போவது

தள்ளுபடி ஃபீல்டை மாடலில் சேர்த்துவிட்டு சீரியலைசருக்குப் போகிறோம். ஃபீல்டின் பெயர் சரியா என்று பார்க்க மாடலுக்குத் திரும்புகிறோம், மறுபடி சீரியலைசர், வியூ, டெஸ்ட், டெஸ்ட் விழுந்ததும் மீண்டும் மாடல். இந்த ஓட்டத்தில் ஒவ்வொரு முறையும் ட்ரீயில் கிளிக் செய்தால் கை கீபோர்டை விட்டு எழ வேண்டும், கண் பட்டியலில் தேட வேண்டும். தேடல் பெட்டியில் தட்டினாலும் ஆறேழு சாவி. அதைவிட முக்கியம், இரண்டுமே ஃபைலுக்குக் கொண்டுபோகும். எந்த வரியில் வேலை என்ற நினைப்பை நாம்தான் சுமக்க வேண்டும்.

பைசார்ம் இதில் தெளிவாக முந்துகிறது. கன்ட்ரோல்+இ அழுத்தினால் சமீபத்திய ஃபைல்கள். அதே சாவியை மறுபடி அழுத்தினால் பார்த்தவை விலகி, நாம் திருத்தியவை மட்டும் நிற்கும். அதாவது ஐந்து ஃபைல் வேலையில் ஐந்து வரிப் பட்டியல். கன்ட்ரோல்+ஷிஃப்ட்+இ இன்னும் நுணுக்கம்: ஃபைல் பெயரோடு நாம் நின்றிருந்த இடத்தின் கோட் துண்டையும் காட்டும், எனவே மாடல்ஸ் ஃபைலில் ஆர்டர் கிளாஸா, ஆர்டர் ஐட்டம் கிளாஸா என்று பார்த்தே தேர்ந்தெடுக்கலாம். கடைசியாகத் திருத்திய இடத்துக்கு கன்ட்ரோல்+ஷிஃப்ட்+பேக்ஸ்பேஸ்.

விஎஸ் கோடில் துண்டு துண்டாக எல்லாம் உண்டு, ஒரே இடத்தில் இல்லை. கன்ட்ரோல்+டேப் கடைசியாகப் பார்த்த வரிசையில் ஃபைல்களை மாற்றும், ஆனால் அந்தப் பிரிவுக்குள் மட்டும். திரையை இரண்டாகப் பிரித்து வலப்புறம் டெஸ்ட் வைத்திருந்தால் அதை இது எட்டாது. ஆல்ட்+இடது அம்பு முந்தைய இடத்துக்குப் போகும். லினக்ஸில் அதே வேலைக்கு கன்ட்ரோல்+ஆல்ட்+மைனஸ். கடைசித் திருத்தத்துக்கு கன்ட்ரோல்+கே, தொடர்ந்து கன்ட்ரோல்+க்யூ. இவற்றுக்கு நடுவே புதியவர்களை அலைக்கழிப்பது சாய்ந்த எழுத்தில் பெயர் தெரியும் பிரிவ்யூ டேப். ட்ரீயில் ஒரு கிளிக்கில் திறந்த ஃபைல், அடுத்ததைக் கிளிக் செய்ததும் காணாமல் போகும். வைத்துக்கொள்ள வேண்டிய ஃபைலை டபுள் கிளிக் செய்யுங்கள்; பிரிவ்யூவை அடியோடு அணைத்தால் மாலைக்குள் முப்பது டேப் சேர்ந்து, திரும்புவது இன்னும் கடினமாகும். அப்படி அணைப்பவர்கள் டேப் எண்ணிக்கை வரம்பையும் கூடவே போட்டுக்கொள்வது நல்லது.

நியோவிமில் இரண்டு ஃபைல்களுக்கு நடுவே போய்வர கன்ட்ரோல்+கேரட் குறி. இதைவிடச் சுருக்கமான வழி வேறெதிலும் இல்லை. மூன்றாவது ஃபைல் வந்ததும் சிக்கல். பின்னால் போகும் கன்ட்ரோல்+ஓ, ஃபைலுக்குள் தேடியதையும் கோப்பின் கடைசிக்குப் போனதையும்கூடத் தாவலாகக் கணக்கில் வைப்பதால், முந்தைய ஃபைலை அடைய ஏழெட்டு முறை அழுத்த நேரும். பெரிய எழுத்தால் குறி வைக்கும் பழைய வழி ஃபைல் தாண்டியும் வேலை செய்யும், எடிட்டரை மூடித் திறந்தாலும் நிற்கும். ஆனால் எல்லா புராஜெக்டுக்கும் ஒரே 26 எழுத்து. நேற்று ஏ-யில் வைத்த மாடல்ஸ் இன்று வேறு ரிப்போவில் அழிந்திருக்கும். புராஜெக்டுக்குத் தனித்தனியாக நான்கைந்து ஃபைலைப் பின் செய்யும் ஹார்ப்பூன் பிளகின் பிறந்ததே இந்தக் குறைக்காகத்தான். மாடலை ஒன்றிலும் டெஸ்டை நான்கிலும் வைத்துவிட்டால் பட்டியலைப் பார்க்கவே வேண்டாம், விரல் போய்விடும். வேலை மாறும்போது பின்களையும் நாமே மாற்ற வேண்டும். அந்த ஒழுங்கு இல்லாதவருக்கு பைசார்மின் தானியங்கிப் பட்டியல்தான் சரி.

பெரிய ரிப்போவில் மட்டும் வருபவை

லினக்ஸில் விஎஸ் கோட் ஃபைல் மாற்றங்களைக் கவனிக்க முடியவில்லை என்று எச்சரிக்கை காட்டினால், ஃபைல் மாற்றங்களைக் கவனித்துச் சொல்லும் கெர்னல் வசதியான ஐநோட்டிஃபையின் வரம்பு தீர்ந்துவிட்டது என்று பொருள். கிட்டில் பிராஞ்ச் மாற்றியும் ட்ரீ பழையதையே காட்டுவது இதனால்தான். வரம்பை 524288 வரை உயர்த்தலாம். ஒரு கவனிப்புக்கு 1080 பைட் வீதம், முழுவதும் பயன்பட்டால் ஏறக்குறைய 540 எம்பி மெமரி. முதலில் வாட்சர் எக்ஸ்க்ளூடில் விர்ச்சுவல் என்விரான்மென்டையும் பில்டு ஃபோல்டர்களையும் சேர்த்துப் பாருங்கள்; பல நேரம் அதுவே போதும்.

பைசார்மில் நாம் கொடுக்கும் விலை இன்டெக்ஸிங், அதாவது எல்லா ஃபைல்களையும் முன்கூட்டியே படித்துப் பட்டியல் போடுவது. அது முடியும்வரை யூசேஜ் தேடலும் கிளாஸ் தேடலும் அரைகுறை. மீடியா, லாக், டேட்டா டம்ப் ஃபோல்டர்களை ரைட் கிளிக் செய்து எக்ஸ்க்ளூடட் என்று குறித்தால் இன்டெக்ஸ் நேரமும் குறையும், தேடலில் குப்பையும் வராது. புராஜெக்டைத் திறந்த முதல் பத்து நிமிடத்தில் செய்ய வேண்டிய வேலை இது. ஆறு மாதம் முனகிவிட்டு மெமரி வாங்கிப் போடுவதற்கு முன்பாகவாவது.