லா ரிவியூவில் இடம்: மதிப்பெண் வழியா, எழுத்துப் போட்டி வழியா?

‘லா ரிவியூ’ எனப்படும் அமெரிக்கச் சட்டக் கல்லூரி ஆய்விதழ்களைப் பெரும்பாலும் மாணவர்களே நடத்துகிறார்கள் என்பதும், அந்த ஆசிரியர் குழுவில் இருந்தவர் என்ற தகுதி நீதிபதிகளுக்குச் சட்ட ஆய்வில் உதவும் கிளார்க் பணிக்கும் பெரிய நிறுவன வேலைக்கும் துணை நிற்கும் என்பதும் பலரும் அறிந்தவை. முதலாண்டு முடிந்ததும் அக்குழுவில் சேரப் பொதுவாக இரண்டு வழிகள் உண்டு. மதிப்பெண் தரவரிசையில் முன்னணியில் இருப்பவர்களை அழைத்துக்கொள்வது ‘கிரேடு-ஆன்’. எழுத்துப் போட்டியில் தேறியவர்களை எடுத்துக்கொள்வது ‘ரைட்-ஆன்’. இரண்டையும் கலந்து கணக்கிடும் இதழ்களும் உள்ளன. நான் ரைட்-ஆன் வழியாக உள்ளே சென்றவன். என் சாய்வும் அந்தப் பக்கமே.

கிரேடு-ஆன் வழியின் வசதி வெளிப்படையானது: படிப்பைத் தவிர வேறு உழைப்பு வேண்டியதில்லை. ஆனால் முதலாண்டுப் பாடங்கள் பலவற்றில் பருவ இறுதித் தேர்வு ஒன்றே மதிப்பெண்ணைத் தீர்மானிக்கிறது. அதுவும் உடன் படிப்பவர்களோடு ஒப்பிட்டே இடப்படுகிறது. எவ்வளவு படித்தாலும் முடிவு முழுவதும் நம் கையில் இல்லை.

ரைட்-ஆன் போட்டி தேர்வுகள் முடிந்த களைப்பிலேயே தொடங்கிவிடுகிறது. தீர்ப்புகளும் கட்டுரைகளும் அடங்கிய ஒரு கட்டைக் கொடுப்பார்கள். அதற்கு வெளியே எதையும் தேடக் கூடாது, எவரிடமும் பேசக் கூடாது. 1887இல் தொடங்கிய ஹார்வர்டு லா ரிவியூவின் போட்டியில் இரண்டு பகுதிகள் உண்டு: வெளிவராத கட்டுரை ஒன்றைத் திருத்துவது, அண்மைய தீர்ப்பு ஒன்றை அலசி எழுதுவது. எழுதியவர் யார் என்று தெரியாமலேயே விடைத்தாள்கள் மதிப்பிடப்படுகின்றன. என் கல்லூரியிலும் ஏறத்தாழ இதே முறைதான். திருத்தும் பகுதிக்கு ஆதாரம் ஹார்வர்டு, கொலம்பியா, பென்சில்வேனியா, யேல் இதழ்கள் சேர்ந்து வெளியிடும் ‘புளூபுக்’ என்னும் மேற்கோள் விதிநூல். முந்தைய மேற்கோளின் அதே மூலத்தைச் சுட்டும் ‘இட்.’ (Id.) என்ற சுருக்கத்தின் பின்னால் வரும் புள்ளியும் சாய்வெழுத்தில் இருக்க வேண்டும் என்பது போன்ற விதிகளை அந்நூலில் தேடித் தேடி நான் இரண்டு இரவுகளைக் கழித்தேன்.

என் கணிப்பில் இரண்டுக்கும் இடையே தீர்ப்பு சொல்வது, சேர்ந்த பிறகு காத்திருக்கும் இரண்டு ஆண்டு வேலைதான். முதல் ஆண்டில் அதன் பெரும்பகுதி அடிக்குறிப்புச் சரிபார்ப்பு: மூலத்தைத் தேடி எடுத்து, பக்க எண்ணைப் பார்த்து, ஆசிரியர் சொன்னதை அந்த மூலம் உண்மையிலேயே சொல்கிறதா என்று வரிவரியாக ஒப்பிட வேண்டும். எனக்கு வந்த முதல் தொகுதியில், நீதிமன்றம் வகுத்த விதி என்று காட்டப்பட்டிருந்த ஒரு வரியை மூலத்தில் பார்த்தபோது, அது மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதியின் வரியாக இருந்தது. அதைச் சுட்டி அடைப்புக்குறிக்குள் இருந்திருக்க வேண்டிய ஒரே ஒரு சொல் விடுபட்டதால் அந்தப் பத்தியின் வாதமே சாய்ந்துவிட்டது. போட்டியின் திருத்தப் பகுதி சோதிப்பது இந்தக் கண்ணைத்தான். மதிப்பெண்ணால் மட்டும் வந்த நண்பர்கள் சிலர், அறிவில் எனக்குப் பல படி மேலே இருந்தும், இந்த வேலையின் தன்மையை அக்டோபரில்தான் கண்டார்கள். அவர்களில் இருவருக்கு அது கடைசிவரை பிடிக்கவில்லை. போட்டி எழுதியவருக்கோ, இடம் கிடைக்காவிட்டாலும், இந்த வேலை தனக்கு ஒத்துவருமா என்பது அந்தச் சில நாள்களிலேயே தெரிந்துவிடுகிறது. புளூபுக் பழக்கமும் கையோடு வருகிறது.

வெளியிடத்தக்க ஒரு ‘நோட்’, அதாவது மாணவர் எழுதும் சட்ட ஆய்வுக் கட்டுரை, எழுதி அதன்மூலம் சேரும் மூன்றாவது வழியும் சில இதழ்களில் உண்டு. அதில் நான் சென்றதில்லை. உடன் படித்த ஒருவர் சென்றதை அருகிலிருந்து பார்த்தேன். அவருடைய கட்டுரை ஏற்கப்பட்டபோது வேலை நேர்காணல்கள் முடிந்திருந்தன. பிற இடங்களில் நிலைமை வேறாக இருக்கலாம்.

போட்டியில் இறங்குபவர்கள், கோடைப் பணியில் சேரும் நாளை அது முடிந்த பிறகு வைத்துக்கொள்ள மார்ச் மாதத்திலேயே அலுவலகத்திடம் கேட்டுவிடுவது நல்லது. நான் ஏப்ரல் கடைசியில் கேட்டேன், நாள் மாறவில்லை. திருத்தப் பகுதி இரவுகளுக்குப் போனது அதனால்தான்.